பித்தளைக் கதவு

டெட்ராய்ட்டின் அந்தப் பழைய கார் ஆலையை இடிக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததிலிருந்து ரூஃபஸ் கில்லியமுக்கு வேறு பேச்சே இல்லை. வார்ப்படக்கூடத்தையாவது காப்பாற்றிவிட வேண்டும். ரம்பப் பல் போல ஏறி இறங்கும் அதன் கண்ணாடிக் கூரைக்குக் கீழேதான், உருகிய இரும்பை ஊற்றி ஊற்றி, அவருடைய அப்பா நெஞ்சு கெட்டுச் செத்தார். அன்றைக்குக் கறுப்பர்களுக்கு அந்த ஆலையில் வேறு எந்தக் கூடத்திலும் இடம் கிடையாது.

அக்கா வில்லாவுக்கு இது பிடிக்கவில்லை. "அப்பாவைத் தின்ன கட்டடம்டா அது. இடிச்சுத் தொலைக்கட்டும், உனக்கென்ன வந்துச்சு?" என்றாள்.

அந்தக் கூடத்தை ஏன் காப்பாற்ற வேண்டும் என்று நகரசபை விசாரணையில் ஆதாரம் கேட்டார்கள். வார்ப்படக்கூடத்தை யார் படமெடுத்தார்கள்? கரியையும் புகையையும் சட்டம் போட்டு மாட்ட முதலாளிக்கென்ன பைத்தியமா? வீட்டில் இருந்தது ஒரே படம். வருடத்துக்கு ஒருநாள் தொழிலாளிகள் எல்லாரையும் முன்புற அலுவலகத்தின் பளிங்குப் படிகளில் நிறுத்திப் படமெடுப்பது ஆலையின் வழக்கம். கடைசி வரிசையில், பித்தளைக் கதவை ஒட்டி, இரவல் கோட்டில் அப்பா நின்றார். ரூஃபஸ் அதைத் தூக்கிப் பிடித்து அப்பாவைப் பற்றிப் பேசினார். உறுப்பினர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது. படத்தில் தெரிந்த அலுவலகம் நினைவுச் சின்னமானது. படத்தில் இல்லாத வார்ப்படக்கூடத்தை இடித்துத் தார் போட்டு வண்டி நிறுத்துமிடமாக்கினார்கள்.

நினைவுச் சின்னத்தின் திறப்பு விழாவன்று அந்தப் படம் அலுவலகக் கூடத்துச் சுவரை நிறைத்திருந்தது. கீழே, 'தினமும் இந்த வாசல் வழியே வேலைக்கு வந்தவர்கள்' என்று எழுதியிருந்தது. ரூஃபஸ் நகரசபை உறுப்பினர் ஹால்வர்சன் அம்மாளைத் தேடிப் போய், அப்பா ஒருநாளும் இந்தக் கதவைத் தாண்டியதில்லை, படம் எடுத்த கையோடு எல்லாரையும் பின்கேட்டுக்கு விரட்டிவிடுவார்கள் என்று சொன்னார்.

அந்த அம்மாள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க காட்டுன கட்டடத்தைத்தானே சார் நாங்க காப்பாத்தினோம்?"

அவள் குரலில் கள்ளமே இல்லை. அதுதான் சுட்டது.

ரூஃபஸ் வெளியே வந்தார். வில்லா காரை விட்டு இறங்கவே இல்லை. மடியில் பாதி தின்ற சோள ரொட்டி இருந்தது. உள்ளே வந்து அப்பா படத்தையாவது பார்த்திருக்கலாமே என்றார்.

"அப்பா அங்க எங்கடா இருந்தாரு?" என்றாள் அவள், ரொட்டியைத் தாளில் மடித்து வைத்தபடி. "அவரு நின்ன எடத்துலதான் வண்டிய நிறுத்தியிருக்கேன்."

ரூஃபஸ் காரில் ஏறாமல் அந்தத் தார்த் தரையிலேயே நின்றார்.