இடிக்குப் பிடுங்கிய பிளக்

கண்டிப் பக்கம் திகனயில் ஹபீல் நானாவின் பட்டறையில் செய்த ஒரு பவர் போர்டு கெட்டு, மருந்துக்கடை ஒன்றின் குளிர்பெட்டி நின்று, உள்ளே இருந்த இன்சுலின் எல்லாம் வீணாய்ப் போயிற்று. பழி, போர்டுக்கு ஈயம் வைத்து ஒட்டிய திவாகரன் தலையில். வேறு யார் தலையில் விழும், சாமான் வாங்கிய முதலாளி தலையிலா?

ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிற மனுஷன் அவன். ஒன்பது வருஷ வேலை. மலிவாய் வாங்கிய கெப்பாசிட்டர்தான் சூடேறினால் சோர்ந்துவிடுகிறது என்று அடித்துச் சொன்னான். கதை வேண்டாம், இன்று பின்னேரம் நாலு மணிக்குள் மீட்டர் நம்பரைக் காட்டு, இல்லாவிட்டால் வேலை இல்லை என்றார் ஹபீல். அந்தக் கெப்பாசிட்டர் வைத்த போர்டு ஒன்றே ஒன்றுதான் மிச்சம் இருந்தது.

சோதனை, கூட வேலை செய்யும் ஆஸிகாவின் பொறுப்பு. பத்து செக்கனுக்கு ஒரு தரம் அந்தப் போர்டின் வோல்ட்டை அளக்கும்படி மல்டிமீட்டருக்குக் கட்டளை எழுதினாள். அளந்ததையெல்லாம் மீட்டர் தன் நினைவில் வரிசையாய் வைத்துக்கொள்ளும். கம்ப்யூட்டர் கேட்டால்தான் கொடுக்கும். கேட்பதற்குள் கரண்ட் போனால் ஒன்றும் மிஞ்சாது. இடைக்கிடை எடுத்து வைப்போமா என்று திவாகரன் கேட்டான். கடைசியில் ஒரேயடியாய் எடுக்கலாம் என்று சொல்லிவிட்டாள். சோம்பல், வேறென்ன!

நான்கு மணித்தியாலம் வோல்ட் பன்னிரண்டிலேயே நின்றது. திவாகரன் தேத்தண்ணி வாங்கப் போயிருந்தபோது இலக்கம் அவள் கண்ணெதிரே சரிந்தது. பதினொன்று, ஒன்பது, ஏழு. போர்டு புகைந்தது. அல்ஹம்துலில்லாஹ், மனுஷன் தப்பினான் என்று நெஞ்சு குளிர்ந்தது. அப்போதுதான் தெல்தெனியப் பக்கமிருந்து படாரென்று இடி.

இடி கேட்டால் பிளக்கைக் கழற்று என்பது இந்த ஊரில் தாய்ப்பாலோடு வருகிற பழக்கம். கை முந்தியது, புத்தி பிந்தியது. பிடுங்கிய பிறகுதான் அது மீட்டரின் பிளக் என்று விளங்கியது. திரும்பப் போட்டாள். சேமித்த அளவுகள் பூச்சியம் என்றது மீட்டர். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைத்துவிட்டாளே, பாவி.

ஹபீல் வந்து கருகிய போர்டைப் பார்த்தார். இடிக்குக் கருகியிருக்கும் என்றார். பிளக்கைக் கழற்றியது யார் என்று கேட்டார். ஆஸிகா வாசலைப் பார்த்தாள். வாசலில் தேத்தண்ணியோடு நின்ற திவாகரன் அவள் முகத்தைப் பார்த்தான்.

“நாந்தான் சார் புடுங்குனேன்” என்றான்.

ஹபீல் முன்னமே அடித்து வைத்திருந்த வேலைநீக்கக் கடிதத்தை நீட்டினார். அவன் வாங்கிக்கொண்டு படியிறங்கும் வரை அவள் வாய் திறக்கவில்லை. சொல்லவே வெட்கமாய் இருக்கிறது, ஆனால் நடந்தது அதுதான்.

“நானா, கழட்டினது நான். ஏழுக்கு விழுந்தத என்ட கண்ணால கண்டேன்” என்றாள் ஆஸிகா, அவன் போன பிறகு.

“அப்ப அவன் இரிக்கக்குள்ள ஏன் செல்லல்ல?”

ஒரு கடதாசியை இழுத்து நேரத்தையும் நான்கு இலக்கங்களையும் எழுதினாள். பிளக்கைக் கழற்றியது நான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். மெஷின் தருவதுதான் நம்பர், இது கதை என்று ஹபீல் அதை ஒதுக்கித் தள்ளினார். அவள் எடுத்துக்கொண்டு மழைக்குள் ஓடினாள்.

திவாகரன் ஏறிய கண்டி பஸ் புறப்பட இருந்தது. யன்னல் வழியே கடதாசியைக் கொடுத்து, லேபர் ஒபிஸில் முறைப்பாட்டோடு காட்டச் சொன்னாள், சாட்சிக்கு வருவதாகவும் சொன்னாள். திவாகரன் நனைந்த எழுத்தைக் கடைசி வரி வரை வாசித்தான்.

“ஒங்க வேலையும் போயிருமே, தங்கச்சி.”

“தெரியும் அண்ணன். பத்திரமா மடிச்சி வைங்க, இத விட்டா வேற கொப்பி இல்ல” என்றாள்.