பதினோரு மணிச் செய்தி

"பிரேக்!" என்று கத்திவிட்டு நோரீன் பெடலை மிதித்தாள்.

பின்னாலிருந்து சத்தமே இல்லை.

இடது விளக்குக்கு "எரியுது" என்று வந்தது. வலது விளக்குக்கும் வந்தது, கொஞ்சம் வேண்டாவெறுப்பாக. பிரேக் விளக்குக்கு மட்டும் பதிலைக் காணோம். காரின் கண்ணாடியில் பார்த்தால் பின்னால் கொக்கியில் மாட்டியிருக்கிற, விடுமுறைக்கு இழுத்துப் போகிற சக்கர வீடான கேரவனின் வெள்ளை முகம்தான் அடைத்துக்கொண்டு நிற்கும். அதற்கும் பின்னால், தெருவில் நிற்கிற புருஷனைப் பார்க்க வழி கிடையாது.

"வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்க? எரியுதா இல்லையா?"

பதில் இல்லை. சரிதான், ஆரம்பித்துவிட்டார் என்று நோரீன் நினைத்தாள்.

ரோலண்டின் வீம்பு காட்டிங்ஹாம் ஊர் முழுக்கப் பிரசித்தம். கோபம் வந்தால் கத்த மாட்டார், வாயை மூடிக்கொள்வார். ஒருமுறை ஸ்காட்லாந்துக்குப் போகிற வழி முழுக்க மூடிக்கொண்டு வந்தார். எதற்கென்று கேட்டால், சாண்ட்விச்சில் ஊறுகாய் வைக்கவில்லையாம்!

இன்றைக்குக் காரணம் கொஞ்சம் பெரிசுதான். ஹல் நகரத்துத் தொழிற்சாலையில் முப்பத்தோரு வருஷம் கேரவன் செய்தவர் ரோலண்ட். தன் வண்டியை இன்னொருத்தன் தொட விட மாட்டார். வருஷா வருஷம் ஈஸ்டருக்கு முன்னால் சர்வீஸ் முழுவதும் அவரே செய்வார். சக்கரத்தைக் கழற்றி பிரேக்கைத் துடைப்பார், அடியில் படுத்து கிரீஸ் அடிப்பார், ஈரம் பார்க்கிற கருவியைச் சுவர் சுவராக வைத்து, மழைத்தண்ணி எங்காவது புகுந்திருக்கிறதா என்று டாக்டர் மாதிரி உதட்டைப் பிதுக்குவார். போன வருஷம் அடியிலிருந்து எழுந்தவர் மூச்சு வாங்கிக்கொண்டு கால் மணி நேரம் படியில் உட்கார்ந்திருந்தார். நோரீன் அதை மறக்கவில்லை. அவருக்குத் தெரியாமல், வீடு தேடி வந்து சர்வீஸ் செய்கிற ஒரு மெக்கானிக்கை ஏற்பாடு செய்திருந்தாள். அந்த மனுஷர் காலையில் போன் செய்தபோது எடுத்தது ரோலண்ட்.

"எனக்கே ஆள் வைக்கிறியா? நான் செஞ்சு அனுப்பின வண்டி ஐரோப்பா பூரா ஓடுது. எனக்கு ஒருத்தன் வந்து நட்டு முடுக்குவானா?"

"உனக்கு வயசு எழுபத்தொண்ணு. போன தடவை மூச்சு வாங்கினது ஞாபகம் இருக்கா?"

"தூசி, கண்ணு. அது தூசி."

"தூசியாம்! உன் மண்டையிலதான் தூசி."

அத்தோடு பேச்சு நின்றது. மற்ற வேலைகளை ரோலண்ட் தனியாகவே முடித்தார். பதினோரு மணி ஆகப்போகிறபோது, சர்வீஸின் கடைசி வேலையாக, வண்டியைத் தெருவில் இழுத்து நிறுத்தினார்கள். விளக்குச் சோதனைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் காரில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் போட வேண்டும், மற்றவர் பின்னால் நின்று சொல்ல வேண்டும். பின்னால் இருப்பவர் சொல்கிற வரைக்கும் மிதித்தவர் காலை எடுக்கக் கூடாது. கேரவன்காரர்கள் எல்லாருக்கும் இது சட்டம். நாற்பத்துநாலு வருஷமாக நோரீன் ஒருமுறைகூட மீறியதில்லை.

நீ பேசாவிட்டால் எனக்கென்ன, நானும் இறங்கப் போவதில்லை. பார்க்கலாம், யார் முதலில் வாயைத் திறக்கிறார்கள் என்று. இப்படி நினைத்துக்கொண்டு அவள் ரேடியோவைப் போட்டாள். தான் கவலைப்படவில்லை என்று அவருக்குக் கேட்கட்டும் என்று சத்தத்தையும் கூட்டினாள். பதினோரு மணிச் செய்தி தொடங்கியது. துறைமுகத்தில் ஏதோ வேலைநிறுத்தம். ரக்பி முடிவுகள். ஈஸ்டர் வாரம் கடலோரம் வெயில் அடிக்கும் என்றார்கள். நல்லதாப் போச்சு என்று நோரீன் நினைத்தாள். அடுத்து ஒரு பாட்டும் போட்டார்கள். கால் பெடலிலேயே இருந்தது.

யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள். எதிர்வீட்டு மால்கம். முகம் வெளுத்துக் கிடந்தது.

"நோரீன், இறங்கு. ரோலண்ட்..."

"இன்னும் சொல்லலையே அவன்," என்றாள் நோரீன்.

"இறங்கு, நோரீன்!"

கால் வரவில்லை. அது யாருடைய காலோ போல அங்கேயே ஒட்டிக்கொண்டது. மால்கம் கதவைத் திறந்து, அவள் முழங்காலைப் பிடித்துத் தூக்கி எடுக்க வேண்டியிருந்தது.

ரோலண்ட் கேரவனின் பின்பக்கத்தில் சாய்ந்து, கால்களை நீட்டித் தெருவில் உட்கார்ந்திருந்தார். தலை மட்டும் ஒரு பக்கம் சரிந்திருந்தது. மடியில் ஒரு துடைப்புத் துணி.

ஆம்புலன்ஸ் ஆறு நிமிஷத்தில் வந்தது. பச்சைச் சட்டை போட்ட ஒரு பெண்ணும் ஆணும் அவரைத் தெருவிலேயே கிடத்தி, மாறி மாறி நெஞ்சை அழுத்தினார்கள். நோரீன் நின்று பார்த்தாள். இது நடக்காத காரியம் என்றுதான் அவளுக்குத் தோன்றிக்கொண்டிருந்தது. வீட்டில் மேசை மேல் அவர் பாதி குடித்த டீ இருக்கிறது. பாதி டீயை வைத்துவிட்டு யாராவது சாவார்களா?

"கீழே கிடக்கிறதைப் பார்க்கிறதுக்கு எவ்வளவு முன்னாலம்மா கடைசியாப் பேசினார்?" என்று அந்தப் பெண் நிமிராமலே கேட்டாள்.

"ஒரு நிமிஷம் முன்னாடிதான்."

எப்படி வந்தது அந்தச் சொல்? அவளுக்கே தெரியவில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது. அரை மணி நேரம் பாடுபட்டுவிட்டு அவர்கள் எழுந்தார்கள். அந்தப் பெண் கையுறையைக் கழற்றிவிட்டு நோரீனின் தோளைத் தொட்டாள்.

மகள் ஹேசல் ஷெஃபீல்டிலிருந்து இரண்டு மணிக்கு வந்து சேர்ந்தாள். வந்ததிலிருந்து அம்மாவின் கையை விடவில்லை. சோபாவில் ஒட்டி உட்கார்ந்துகொண்டு ஒவ்வொருவருக்கும் போன் செய்தாள். பெர்த்திலிருக்கிற தம்பிக்கு, சித்தப்பாவுக்கு, தொழிற்சாலைக்காலத்து நண்பர்களுக்கு.

"அம்மா கூடவேதான் இருந்தா. ஒரு நிமிஷத்துல முடிஞ்சிடுச்சு. கஷ்டமே படல."

ஒவ்வொரு முறை அந்த ஒரு நிமிஷம் காதில் விழும்போதும் நோரீனுக்கு ரேடியோச் செய்திதான் நினைவுக்கு வந்தது. முதல் தடவை பதில் வராதபோதே இறங்கிப் போயிருந்தால் மனுஷன் பிழைத்திருப்பாரோ? யாரையாவது பிடித்து உலுக்கிக் கேட்க வேண்டும் போலிருந்தது. கேட்டால், ரேடியோ கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்தப் பத்து நிமிஷத்தைச் சொல்ல வேண்டும். சொன்னால் இந்தக் கை தன் கையை விட்டுவிடும் என்று பயமாக இருந்தது. அவள் அந்தக் கையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

நாலு மணிக்கு மால்கம் வந்தார். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் உருட்டிக்கொண்டு நின்றார். ஹேசல் டீ போட சமையலறைக்குப் போனாள்.

"நோரீன், உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். சொல்லாட்டி எனக்குத் தூக்கம் வராது."

"சொல்லு, மால்."

"நான் பார்த்தேன்."

நோரீன் சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"சன்னல்கிட்ட நின்னு டோஸ்ட் தின்னுக்கிட்டிருந்தேன். அவன் மெதுவாக் கீழே உட்கார்ந்தான். டயரைத்தான் பார்க்கிறான்னு நெனச்சேன். எப்பவும் எதையாவது குனிஞ்சு பார்க்கிறவன்தானே? பின்னால பிரேக் லைட்டு சிவப்பா எரிஞ்சுக்கிட்டே இருந்துது. சரி, ரெண்டு பேரும் வேலையில இருக்காங்கன்னு..." அவர் தொப்பியை இன்னொரு சுற்று உருட்டினார். "கையைத் தூக்கினான், நோரீன். கட்டை விரலைக் காட்டினான், இப்படி. லைட்டு எரியுதுன்னு உனக்குச் சொல்றான்னு நெனச்சேன். நான் டோஸ்டைத் தின்னு முடிச்சு, தட்டைக் கழுவி வச்சுட்டுத்தான் திரும்பிப் பார்த்தேன். நான் வடிகட்டின முட்டாள்."

நோரீன் மால்கமையே பார்த்தாள். அப்படியானால் ரோலண்ட் பதில் சொல்லியிருக்கிறார். மூச்சு இல்லாத மனுஷன், கோபத்தை எல்லாம் விட்டுவிட்டு, கேட்ட கேள்விக்குக் கையைத் தூக்கிப் பதில் சொல்லியிருக்கிறார். அவள் அவரை வீம்புக்காரர் என்று திட்டிக்கொண்டு, வெயில் அடிக்குமா என்று ரேடியோவில் கேட்டுக்கொண்டிருந்தாள்.



"உன் மேல தப்பில்ல, மால்," என்றாள் கடைசியில். "நான் காலை எடுத்திருந்தா லைட்டு அணைஞ்சிருக்கும். உனக்குச் சந்தேகம் வந்திருக்கும். நான் எடுக்கல. அவன் கோவிச்சுக்கிட்டான்னு நெனச்சு, வேணும்னே உட்கார்ந்திருந்தேன். செய்தி முழுசும் கேட்டேன். ஒரு பாட்டும் கேட்டேன். பத்து நிமிஷம்."

மால்கமின் பார்வை நோரீனைத் தாண்டி வாசல் நிலைக்குப் போனது. ஹேசல் டீத் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.

ஹேசல் தட்டை மேசை மேல் வைத்தாள். மூன்று கோப்பையிலும் டீயை ஊற்றினாள், பால் ஊற்றினாள். அம்மாவின் பக்கத்தில் சோபாவில் இடம் காலியாகத்தான் இருந்தது. அவள் உட்காரவில்லை.

அப்போது போன் அடித்தது. பிரிட்லிங்டனிலிருந்து அத்தை, ரோலண்டின் அக்கா. காது மந்தம், அதனால் எதிர்முனையில் அவள் அலறுவது அறை முழுக்கக் கேட்டது.

"யாராவது கூட இருந்தாங்களாடி? என் தம்பி தனியாவா போனான்?"

ஹேசல் போனைப் பிடித்தபடி நின்றாள். நோரீன் தலையைக் குனிந்துகொண்டாள்.

"இல்ல அத்தை," என்றாள் ஹேசல். "அம்மா கூடத்தான் இருந்தா."

"எவ்வளவு நேரம்டி துடிச்சான்?"

"ஒரு நிமிஷம், அத்தை." பிறகு இன்னும் சத்தமாக, "ஒரே ஒரு நிமிஷம்!"

அதைச் சொல்லும்போது அவள் அம்மாவைப் பார்க்கவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டிருந்தாள். மால்கம் கிளம்புவதற்காகத் தன் தொப்பியைத் தேடினார். அது அவர் கையிலேயே இருந்தது.