மாட்டு டாக்டருக்கு இங்கிலீஷ் பேர்

எங்கள் ஓனர் அசோக்குமாருக்குத் தமிழ்ப்பற்று அதிகம். பழங்காநத்தம் ஆபீஸ் மாடிப்படியில் ஏறும்போதே 'தமிழால் உயர்வோம்' என்று போர்டு மிரட்டும். அந்தப் பற்று ஒரு ஆப் வேலையைக்கூடத் தாங்கவில்லை.

செல்லம்பட்டிப் பக்கம் மாடு வளர்ப்பவர்களுக்காக நான் செய்த ஆப், 'மாட்டு டாக்டர்'. பொத்தானை அமுக்கினால் பணியில் இருக்கும் டாக்டருக்கு அழைப்பு போகும். சோதித்துப் பார்க்க முதலில் பெயர் கொடுத்தவர் பாண்டியம்மாள். அவருடைய மாடு நிறைசினை. போன ஈற்றுக் கன்று டாக்டர் வராமல் செத்துப்போனதாம். இந்தக் கன்றாவது பிழைக்க வேண்டும் என்றார்.

ஆப்பைச் சோதனைக்கு அனுப்பும் இணையதளத்தில் ஏற்றிய அன்று, அசோக்குமார் லேப்டாப்புக்குச் சந்தனம் குங்குமம் வைத்து எலுமிச்சம்பழம் சுற்றினார். தளமோ தமிழ்ப் பெயரைக் கண்டதும் ஃபைலை வாங்க மறுத்தது.

"ஃபைல் பேரை மட்டும் இங்கிலீஷ்ல மாத்துனா போதும்ணே. போன்ல தெரியுற பேரு தமிழ்லயே இருக்கட்டும்" என்றேன்.

"வேணாம் மீனா. தமிழ்னாலே இம்புட்டு இம்சை. எல்லாத்தையும் மாத்து. கெத்தா இருக்கணும்."

கெத்து, 'வெட் கனெக்ட் புரோ' என்று ஆங்கில எழுத்தில் வந்து இறங்கியது. ஆப்பின் படத்திலிருந்த மாட்டையும் எடுத்துவிட்டு நீலக் கட்டம் ஒன்றை வைத்தார். மாடு இருந்தால் பட்டிக்காடாகத் தெரியுமாம். பேர் மாறிய சேதி போகாமலே, பெயர் கொடுத்தவர்கள் போனில் ஆப் ஏறியது.

அந்த ஊர்களில் கடன் ஆப்பிடம் சிக்கிச் சீரழிந்த குடும்பங்கள் உண்டு. புரியாத இங்கிலீஷ் பேரில் எது இருந்தாலும் அழித்துவிடுங்கள் என்று மகளிர் குழுவில் சொல்லிவைத்திருந்தார்கள். எங்கள் ஆப்பும் எல்லார் போனிலிருந்தும் போயிற்று. அவர்களைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? எனக்கே அதைப் பார்த்தால் வட்டிக்கடை ஞாபகம்தான் வந்தது.

மறுவாரம் பாண்டியம்மாளின் மாட்டுக்கு வலி கண்டது. கன்று குறுக்கே நின்றுகொண்டது. 'மாட்டு டாக்டர்' எங்கே என்று அவர் போன் முழுக்கத் தேடியிருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் பைக்கில் போய் டாக்டரைக் கூட்டி வருவதற்குள் கன்று செத்துவிட்டது. தாய்மாடு பிழைத்தது.

சேதியை அசோக்குமாரிடம் சொன்னேன். அவர் பாண்டியம்மாளுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"வருத்தப்படாதீங்கம்மா. டெஸ்டிங்னா இப்படித்தான். புது வெர்ஷன் அனுப்புறேன், மறுபடி ஏத்திக்கிருங்க."

"ஆப்பெல்லாம் அனுப்பாதீங்க தம்பி" என்றார் பாண்டியம்மாள். "கன்னுக்குட்டிக்கு இன்னும் குழி வெட்டல. மம்பட்டியோட நீங்க வாங்க."