ஊதாக் கோடு போட்ட முதுகு

யோசப்பினுக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. மறுநாள் வாய்மொழிப் பரீட்சை. முதுகின் மேல்தசைகளைத்தான் கேட்கப்போகிறார்கள் என்று மருத்துவபீடம் முழுக்க ஒரே கதை. வெட்டிப் படிக்கக் கிடைத்த உடலோ வற்றிப்போன ஒரு கிழவருடையது. எது தோல், எது தசை என்று பிரித்தறிவதற்குள் கண் பூத்துப்போகும். புத்தகத்தைத் திறப்பதும் மூடுவதுமாகக் குருநகர் வீட்டுக்குள் நடந்துகொண்டிருந்தவள், முற்றத்தில் வெறும் மேலோடு குந்தியிருந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த அண்ணன் பிலிப்பைக் கண்டதும் நின்றாள். இப்படியொரு முதுகை வீட்டில் வைத்துக்கொண்டு யாராவது புத்தகத்தோடு மாரடிப்பார்களா?

"அண்ணை, கொஞ்சம் அசையாமல் இருங்கோ."

வேறு யாராவது என்றால் பலகையில் எழுதும் சோக்கட்டியைத் தேடி எடுத்திருப்பார்கள். இவளுக்குத்தான் எதிலும் அவசரமாயிற்றே. கைக்கு எட்டியது, புண்ணுக்குப் பூசும் ஊதா மருந்துப் போத்தல். ஈர்க்கை அதில் தோய்த்துத் தோய்த்து வரைந்தாள். பிடரியில் தொடங்கி இரண்டு தோளுக்கும் விரிந்து, நடுமுதுகு தாண்டிக் கூராக முடியும் பட்டம் போன்றது ட்ரபீசியஸ். இடுப்பிலிருந்து அகலமாகக் கிளம்பிக் கைக்குள் போய் ஒளிவது லட்டிசிமஸ் டோர்சை. உள்ளே மறைந்திருக்கும் ரொம்பொய்ட்டுகளுக்குப் புள்ளிக் கோடு.

"கூசுதடி. உதெல்லாம் என்ன வேலை செய்யுது?"

"கிடக்கிறது முதுகிலை, வேலை செய்யிறது கைக்கும் தோளுக்கும். இந்தப் பட்டத்துக்கு நரம்பு தலைக்குள்ளையிருந்து வருது. அதைத்தான் கட்டாயம் கேப்பினம்."

வலத்தோளில் ஈர்க்கு தடக்கியது. அங்கே தோல் காய்த்துப்போயிருந்தது. வள்ளத்து மெசினைக் காவுதடியில் கட்டிக் கடற்கரைக்குத் தூக்கும்போது முன்முனை பிலிப்புக்கு, பின்முனை அவனுடைய கூட்டாளி கனிசியசுக்கு. இவன் வலத்தோளில் வைப்பான், அவன் இடத்தோளில் வைப்பான். தொழிலுக்கு இறங்கிய நாளிலிருந்து அப்படியே பழகிவிட்டது.

விடிந்ததும் ஆமி ஊரைச் சுற்றிவளைத்தது. ஆம்பிளைகள் எல்லோரும் மாதா கோயில் வளவுக்கு வரவேண்டும் என்று ஒலிபெருக்கி கத்தியது. யோசப்பினுக்கு அண்ணனின் முதுகுதான் நினைவுக்கு வந்தது. அண்ணனைக் கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டு போய்ச் சவுக்காரம் போட்டாள், மண்ணெண்ணெய் போட்டாள், தேங்காய்த் தும்பால் உரஞ்சினாள். முதுகு சிவந்ததே தவிர ஊதா போகவில்லை. ஒளிந்திருந்து பிடிபட்டால் உயிருக்கே உத்தரவாதமில்லை. பிலிப்பு சட்டையை மாட்டிக்கொண்டு போனான்.

மாதா கோயில் மதிலோரம் பெண்கள் நின்றார்கள். கனிசியசின் தாய் மரியநாயகி செபமாலையை உருட்டியபடி யோசப்பினுக்குப் பக்கத்தில் நின்றாள். உள்ளே எல்லோருடைய சட்டையையும் கழற்றச் சொன்னார்கள். இயக்கத்தில் துவக்குத் தூக்கியவனின் தோள் காய்த்திருக்கும் என்பது அவர்கள் கணக்கு. பிலிப்பின் முதுகைக் கண்டதும் நாலைந்து பேர் ஓடிவந்தார்கள். எந்த முகாமின் வரைபடம் என்று கேட்டு ஒருவன் துவக்குப் பிடியால் இடித்தான்.

யோசப்பின் யோசிக்கவில்லை. மதில் வாசலைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினாள்.

அவர்களோடு ஒரு டொக்டர் அதிகாரி வந்திருந்தார். இது பரீட்சைக்குக் கீறின தசைப் படம் என்று அவள் குழறியதைக் கேட்டு, சரி, விளக்கு என்றார் ஆங்கிலத்தில். பரீட்சை அங்கேயே நடந்தது. பிலிப்பின் கையைத் தூக்கித் தூக்கி, எங்கே தொடங்குகிறது, எங்கே போய் ஒட்டுகிறது என்று அவள் சொல்லச்சொல்ல அவர் தலையாட்டினார். ட்ரபீசியஸின் நரம்பைக் கேட்டார். பதினோராவது மண்டை நரம்பு என்றாள். தோளில் காய்ப்பு ஏன் என்றார். மெசின் காவும் தோள் என்றாள். தசை தெரிந்தவள் பொய் சொல்லமாட்டாள் என்று நினைத்தாரோ என்னவோ, கூட்டிக்கொண்டு போ என்று கையைக் காட்டினார்.

அப்போதுதான் வரிசையிலிருந்து கனிசியஸ் கூப்பிட்டான்.

"யோசப்பின், என்ரை தோளையும் ஒருக்காச் சொல்லிவிடன்."

அவனுடைய இடத்தோளை ஒருவன் விரலால் குத்திப் பார்த்துக்கொண்டிருந்தான். சொல்வதற்கு ஒரு வசனம் போதும். இருவரையும் முன்னும் பின்னுமாக நிறுத்தி, இது ஒரே தடியின் இரண்டு முனை, ஒருவனுக்கு வலம், மற்றவனுக்கு இடம் என்று காட்டினால் டொக்டருக்கு விளங்கியிருக்கும். அது அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் திரும்பவும் வாயைத் திறந்து, அவர்கள் மனம் மாறி, அண்ணனையும் பிடித்து வைத்துவிட்டால்? அண்ணனின் கையைப் பிடித்து வாசல் பக்கம் இழுத்தாள்.

பிலிப்பு நின்றுவிட்டான். "அவனையும் சொல்லடி."

"முதல்லை நீங்கள் வாங்கோ. உங்களை வீட்டிலை விட்டிட்டு வந்து சொல்லுறன்."

இழுத்துக்கொண்டே போனாள். வீட்டுக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள். காட்டுவதற்கென்று காவுதடியைத் தூக்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகத் திரும்பி வந்தாள். வளவில் மண்ணில் விழுந்து பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள். பிடித்தவர்களை ஏற்றிக்கொண்டு ட்ரக் போய்விட்டிருந்தது.

பரீட்சை பிறகொரு நாள் நடந்தது. அதே தசை, அதே நரம்பு. மடமடவென்று சொன்னாள், நல்ல புள்ளி கிடைத்தது. வீட்டுக்கு வந்து அதை யாருக்கும் சொல்லவில்லை.

கனிசியஸ் வரவில்லை. மரியநாயகி நாள்தோறும் முகாம் வாசலுக்குப் போய்ப் போய் வந்தாள். பிலிப்பு கடலுக்குப் போகாமல் சுருண்டு கிடந்தான். வேறு ஆளைச் சேர்க்கச் சொன்னால், "அது அவன்ரை முனை" என்று சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தான். அவள் மேல் அவன் கோபப்படவும் இல்லை, அதுதான் அவளை அரித்தது. படித்தாலும் படுத்தாலும் கனிசியஸ் கூப்பிட்ட அந்தக் குரல் காதுக்குள் நின்றது.

அடுப்பு எரியாத வீட்டில் ஒரு விடியற்காலை அவள் எழும்பி மெசினைக் காவுதடியில் கட்டினாள். "எழும்புங்கோ அண்ணை," என்றாள். பிலிப்பு எழும்பி வந்து முன்முனையைத் தூக்கினான்.

பின்முனை அவள் வலத்தோளில் இறங்கியது. கழுத்திலிருந்து தோளுக்குச் சரியும் அந்த இடத்தைப் புத்தகத்தில் எத்தனையோ தடவை படித்திருக்கிறாள். இப்படி நோகும் என்று அதில் போட்டிருக்கவில்லை. கால் பின்னியது. ஒழுங்கையில் தண்ணீர்க் குடங்களோடு நின்ற பெண்கள் வாயில் கை வைத்தார்கள். அவர்களுக்குள் முகாமுக்குப் புறப்பட்டு நின்றாள் மரியநாயகி.

யோசப்பினால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அன்றைக்கு மதிலோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டவள் அல்லவா. மண்ணை அள்ளித் தூற்றித் திட்டினாலும் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று நின்றாள்.

மரியநாயகி கிட்ட வந்தாள். திட்டவில்லை. தடியின் முனையைத் தன் இரண்டு கைகளாலும் தூக்கிப் பிடித்தாள்.

"தோளை மாத்து பிள்ளை. அவன் இடத்தோளிலைதான் வைக்கிறவன்."