தொட்டில் கொக்கியில் குளவி

மைசூர் சாமராஜபுரத்தில், ரயில் பாதையை ஒட்டிய அந்த வீட்டில் மூன்று பேர் குடியிருந்தார்கள். பேச்சு மட்டும் ஒருவருக்குப் போதுமளவுகூடக் கிடையாது. மத்தியானத்தில் சமையலறை ஜாடிக்குள் உப்பு நீர்க்கிற சத்தம் கூடம்வரை கேட்கும். பக்கத்து வீட்டுக்காரர்கள் அதைக் கேட்டுத்தான், மழை வரப்போகிறதென்று கொடியில் காயும் துணியை எடுப்பார்கள்.

வீட்டுக்காரன் பாச்சு, அரசிக்கெரே ரயில் வண்டியில் கார்டு. வாரத்தில் பாதி நாள் வண்டியோடு போய்விடும். மீதி நாளில் வீட்டிலிருந்தாலும் விசில் ஊதாமல் சாப்பாட்டிலிருந்து எழுந்திருக்க வராது. கல்யாணத்தன்று தாலி முடிவதற்கு முன்னால் இடுப்பிலிருந்து பச்சைக் கொடியை உருவி ஒருமுறை ஆட்டினான். புரோகிதர் ஓர் அடி பின்வாங்கி நின்றார். அந்தத் தாலி ஏறி பத்து வருஷமாகப் போகிறது. மனைவி சீதாலக்ஷ்மிக்குக் குழந்தை இல்லை. கூடத்து உத்தரத்தில் தொட்டில் மாட்ட அடித்த இரும்புக் கொக்கி வெறுமனே தொங்கியது.

மூன்றாவது ஆள் பாச்சுவின் தங்கை விசாலாக்ஷி. இன்டர்மீடியட் முடித்தவள். வகுப்பில் ஒரே பெண் என்பதால் இரண்டு வருஷமும் அவளுக்கென்று முன்னால் ஒரு பெஞ்சு போட்டிருந்தார்கள். நான்கு பேர் தாராளமாக உட்காரலாம். அவள் ஒருத்திதான் உட்கார்ந்தாள். ஆஜர் எடுக்கும்போதுகூட அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, 'மிஸ்' என்பார்கள். அவளும் தலையை ஆட்டுவாள். சில சமயம் இரண்டு மூன்று நாள் ஆகிவிடும், தன் குரல் எப்படியிருக்கும் என்று அவளுக்கே நினைவு வர.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தேழில் அவள் ஜுவாலஜி ஆனர்ஸில் சேர ஆசைப்பட்டாள். ஓர் இடம்தான் மீதியிருந்தது. அதைக் கையில் வைத்திருந்தவர் புரொபசர் ஜகதீசன். அவர் மூக்குக் கண்ணாடி அத்தனை தடிமன். வெயில் நாளில் வராந்தாவில் நின்று ஆஜர்ப் பட்டியலை வாசித்தால் தாளிலிருந்து புகை கிளம்பும். இரண்டு பையன்களின் பெயர் அப்படித்தான் எரிந்துபோய், அவர்கள் கடைசிவரை பரீட்சையே எழுதவில்லை.

"ஆனர்ஸ்னா பாடம் கேட்கறது இல்லேம்மா," என்றார் அவர். "ஒரே ஒரு ஜீவனை எடுத்துண்டு அதோட மூணு வருஷம் குடித்தனம் பண்றது. எந்த ஜீவன், எந்த வருஷம் என்ன பார்க்கப்போறேன்னு திட்டம் போட்டுண்டு வா. அதுக்கு முந்தி, நீயே கண்ணால பார்த்தது ஒண்ணு எனக்குக் காட்டணும். யாரோ எழுதினதைச் சொல்லப்படாது. காட்டினா இடம் உனக்கு."

பாச்சு இதைக் கேட்டு யோசித்தான். "கெடைச்சாப் படி. கெடைக்கலேன்னா அரசிக்கெரே ஸ்டேஷன் மாஸ்டர் பிள்ளை ஜாதகம் பொருந்தியிருக்கு. ரெண்டு வண்டியை ஒரே லைன்ல விடமுடியாது, பாத்துக்கோ."

விசாலாக்ஷி எடுத்துக்கொண்ட ஜீவன் குளவி. தேடிப் போகவில்லை, அதுவாக வந்தது. சித்திரை வெயிலில் ஒரு மண்குளவி வாயில் ஈரமண் உருண்டையோடு ஜன்னல் வழியே நுழைந்து, நேரே தொட்டில் கொக்கிக்குப் போய் அதன் வளைவில் அப்பியது. மறுபடி போயிற்று, வந்தது. அந்த வீட்டுக்கு ஒரு காரியத்தோடு வந்துபோகிற ஒரே ஆள் அதுதான். விசாலாக்ஷி கீழே பாயைப் போட்டுக்கொண்டு பார்க்க ஆரம்பித்தாள். விரல் விரலாக அறைகள் எழும்பின. குளவி ஒவ்வொன்றிலும் எட்டுக்கால் பூச்சிகளைக் கொட்டி மயக்கித் திணித்தது. ஒரு முட்டையிட்டு வாயை மண்ணால் பூசியது. முட்டையிலிருந்து வரும் புழு அந்தப் பூச்சிகளைத் தின்று வளரும்.

ரயில்வே காலண்டரின் பின்பக்கம் அவள் திட்டம் எழுதினாள். முதல் வருஷம், கூடு. இரண்டாம் வருஷம், அதற்குள் போகும் இரை. மூன்றாம் வருஷம், மூடிய அறைக்குள் நடப்பது.

"கொட்டிக் கொட்டிப் புழுவையே குளவியா ஆக்கிடும்னு சொல்லுவாளே," என்றான் பாச்சு. "நீயும் அந்த மனுஷர்கிட்ட மூணு வருஷம் கொட்டு வாங்கினா கண்ணாடி போட்டுண்டு வந்து நிப்பே."

"அது ஒண்ணையும் ஆக்கறதில்லே அண்ணா. உள்ள இருக்கறது அதோட முட்டை."

"இருக்கட்டும். கொட்டு கொட்டுதானே," என்று விசிலை ஊதிவிட்டுக் கிளம்பிப் போனான்.

கூட்டைப் பெயர்த்துக் காலேஜுக்குக் கொண்டுபோய், திறப்பதற்கு முன்பே எந்த அறையில் என்ன இருக்கிறதென்று புரொபசரிடம் சொல்வதென்று அவள் முடிவு செய்திருந்தாள். ஸ்டூலைப் போட்டு ஏறிக் கத்தியை வைக்கப்போன அன்று சீதாலக்ஷ்மி சமையலறையிலிருந்து ஓடிவந்து ஸ்டூலின் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"விசாலம், பேடா, வேண்டாம். எறங்கு."

"ஏன் மன்னி?"

"ஆத்துல குளவி கூடு கட்டினா அந்த ஆத்துல குழந்தை பொறக்கும். யார் ஆத்துல வேணா கட்டும், எந்தச் செவுத்துல வேணா கட்டும். நம்மாத்துல பாரு, கொக்கியைத் தேடிண்டு வந்திருக்கு. அதுக்குத் தெரிஞ்சிருக்கு."

விசாலாக்ஷி கொக்கியைப் பார்த்தாள், மன்னியைப் பார்த்தாள். அத்தனை வருஷத்தில் மன்னி அவளிடம் இவ்வளவு நீளமாகப் பேசியது அதுதான் முதல் தடவை. கத்தியோடு இறங்கினாள்.

அன்று முதல் கூட்டுக்கு உபசாரம் தொடங்கியது. ஸ்டூலில் ஏறி அதற்கு மஞ்சள் குங்குமம் வைத்தாள் சீதாலக்ஷ்மி. வெள்ளிக்கிழமை அடியில் நின்று சாம்பிராணி போட்டாள். அந்தப் புகையில் கூடத்துச் சுவர்க்கடிகாரம் வழி தெரியாமல் நின்றுபோனது. தெருவில் போன ஜட்காக் குதிரை ஒன்று வாசலில் நின்று இருமிவிட்டுப் போனது. குளவிக்கும் அது தாங்கவில்லை. கடைசி அறையைப் பாதியில் விட்டுவிட்டு ஜன்னல் வழியே போய்விட்டது.

"எங்கேடி காணோம்?" என்று சாயங்காலம் கேட்டாள் மன்னி.

"வரும்," என்றாள் விசாலாக்ஷி. வராது என்று அவளுக்குத் தெரியும். ஏனென்றும் தெரியும். அந்த வீட்டில் அதைச் சொல்லிக்கொள்ள ஆளில்லை.

அவளுக்கு இன்னொன்றும் தெரியும். கூடு எழும்பிக்கொண்டிருந்த நாளில், தாய்க்குளவி மண் எடுக்கப் போயிருந்த ஒரு மத்தியானம் வேறொரு குளவி வந்தது. மயில் கழுத்துப் போல் பச்சையும் நீலமுமாக மின்னிற்று. பூசி மூடியிருந்த இரண்டாவது அறையின் மண்ணை எச்சிலால் நனைத்துத் துளைத்து, வாலை உள்ளே விட்டுத் தன் முட்டையை வைத்தது. பிறகு துளையை அடைத்துவிட்டுச் சந்தடியில்லாமல் போயிற்று. இதுதான் அவள் புரொபசருக்குக் காட்ட வைத்திருந்தது. கூட்டை உடைக்காமல் காட்ட வேண்டுமென்றால் உள்ளே இருப்பது தானாக வெளியே வரவேண்டும்.

வீட்டு நிசப்தம் அவளுக்கு உதவிய நாள் ஒன்றே ஒன்றுதான். காலேஜ் திறக்கும் வாரம், காலையில், மேலே இரண்டாவது அறைக்குள் யாரோ மண்ணைச் சுரண்டும் சத்தம் கேட்டது. உப்பு நீர்ப்பதைவிடச் சன்னமான சத்தம். விசாலாக்ஷி செருப்புகூடப் போடாமல் ஓடிப்போய் ஜகதீசனை ஜட்காவில் கூட்டிவந்தாள்.

அவர் கூடத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்து அண்ணாந்தார். மஞ்சளும் குங்குமமுமாக இருந்த கூட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இது எந்த வகைக் குளவி? நான் பார்த்ததில்லையே."

"குங்குமம் எங்க மன்னி வெச்சது சார்."

"அப்படியா," என்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "சரி. என்ன வரப்போறது?"

"ரெண்டாவது அறையில வரப்போறது கூடு கட்டினது இல்லே சார். வேற ஒண்ணு. பச்சையா இருக்கும்."

சீதாலக்ஷ்மி காபி டம்ளரோடு வந்து நின்றவள், அப்படியே நின்றாள். மண் உதிர்ந்தது. துளை பெரிதாயிற்று. முதலில் கொம்பு, பிறகு தலை, பிறகு மரகதத்தைத் தேய்த்து விட்டதுபோல் ஓர் உடம்பு வெளியே வந்து, கொக்கியின் மேல் ஏறி நின்று இறக்கையை உலர்த்தியது.

"ஐயோ, எவ்வளவு அழகு," என்றாள் சீதாலக்ஷ்மி மெதுவாக. "இது யாரோட குழந்தை, விசாலம்?"

"வேற ஒருத்தியோடது மன்னி. அவ வந்து வெச்சுட்டுப் போனா."

சீதாலக்ஷ்மி யோசித்தாள். அவள் முகத்தில் ஏதோ இளகியது. "வெச்சுட்டுப் போனா என்ன? பத்திரமா வளர்ந்தது இந்தக் கூட்டுலதானே. பாவம், ரெண்டுமா சேர்ந்து வளர்ந்திருக்கும்."

ஜகதீசன் மற்றதெல்லாம் தமிழில்தான் பேசுவார். பூச்சியின் உள்விவகாரம் என்றால் மட்டும் இங்கிலீஷ்தான் வரும். அவர் திரும்பி, இங்கிலீஷில், கூட்டுக்காரியின் புழு என்ன ஆயிற்று என்று கேட்டார். அதுதான் கேள்வி. அதற்குப் பதில் சொன்னால் இடம்.

விசாலாக்ஷி மன்னியின் முகத்தைப் பார்த்தாள். பிறகு இங்கிலீஷிலேயே சொன்னாள். பச்சைக் குளவியின் புழு காத்திருக்கும். சொந்தப் புழு தின்று கொழுத்துத் தூங்கப்போகும் நேரம் பார்த்து அதைத் தின்றுவிடும். அறையை உடைத்தால் தோல்கூட மிஞ்சியிருக்காது. குரல் ஆடாமல் சொன்னாள். சொல்லி முடித்ததும் அந்தக் குரல் தன்னுடையதுதானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

ஜகதீசன் எழுந்தார். "திங்கக்கிழமை வந்துடு. முன் பெஞ்சு. நீ ஒருத்திதான், வசதியா இருக்கும்." காபியை நின்றபடியே குடித்துவிட்டுப் போனார்.

வாசலில் ஜட்கா நகர்ந்த பிறகு சீதாலக்ஷ்மி கேட்டாள்: "அவர் என்னடி கேட்டார்? நீ அத்தனை நேரம் என்ன சொன்னே?"

"ரெண்டும் ஒண்ணா வளர்ந்துதான்னு கேட்டார் மன்னி."

"நீ என்ன சொன்னே?"

"ஆமான்னேன்."

சீதாலக்ஷ்மிக்குத் திருப்தி. சாம்பிராணிக் கரண்டியை எடுத்துவர உள்ளே போனாள். பச்சைக் குளவி இறக்கை உலர்ந்து ஜன்னலைத் தாண்டிப் போயிற்று. வெளியே நஞ்சன்கூடு வண்டி போனது. வேறு கார்டின் விசில்.

விசாலாக்ஷி காலண்டரைத் திருப்பிப் பார்த்தாள். மூன்று வருஷத் திட்டம் அப்படியே இருந்தது. உள்ளே கரண்டியில் நெருப்பு எடுக்கும் சத்தம் கேட்டது. அவள் எழுந்து போய், புகை வெளியேறட்டுமென்று ஜன்னலை அகலத் திறந்து வைத்தாள். பிறகு கொக்கிக்கு நேர் கீழே தன் பாயை விரித்துக்கொண்டாள்.