மெழுகு மூடாத தேன்

“அந்த ஹுளாவெல்லாம் உனக்கென்ன சொந்தக்காரங்களா?” என்று வீட்டுக்கார மமதா ஆன்ட்டி சிந்துவை ஒருமுறை கேட்டிருந்தார். கன்னடத்தில் புழுவும் ஹுளாதான், கரப்பானும் ஹுளாதான். தேனீயைச் சொல்வதானால் முன்னால் ‘ஜேனு’ சேர்க்க வேண்டும். நீலசந்திராவுக்குக் குடிவந்து ஓராண்டாகியும் சிந்துவுக்குக் கன்னடம் அரைகுறை. படியோரத்துப் பழைய மீட்டர் பெட்டியில் கூடு கட்டிய தேனீக்களைச் சாகடிக்காமல் வேறிடம் மாற்றத்தான் அவள் ஆள் தேடினாள். ஆனால் போனில் பதற்றத்தில், “ஹுளா எடுக்கணும்” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

வந்தவர் முதுகில் மருந்து டேங்க். சட்டையில் ஸ்ரீஹர்ஷா என்று பெயர். அவர் குழாயைப் பெட்டிக்கு நேரே நீட்டியதும் சிந்து குறுக்கே கை நீட்டினாள்.

“அண்ணா, அது ஜேனு.”

“போன்ல வெறும் ஹுளான்னுதானேம்மா சொன்னே?”

“ஹுளாதானப்பா, அடி,” என்றார் நாலு படி கீழேயே நின்ற மமதா.

“வேணாம் ஆன்ட்டி. உள்ள தேன் இருக்கு.”

சொன்னது தப்பாகிவிட்டது. மமதாவின் கண் விரிந்தது. “ஜேனுதுப்பாவா? அப்போ மருந்து பேடா, வேணாம். புகை போட்டு அடையை அப்படியே எடுத்துக் குடு.”

அடையைப் பிய்த்தால் உள்ளே இருக்கும் குஞ்சுகளும் போகும். சிந்து பெட்டியின் கண்ணாடியைத் தொட்டுக் காட்டினாள்.

“இன்னும் தண்ணியாத்தான் இருக்கு ஆன்ட்டி. பூவுலேர்ந்து குடிச்சிட்டு வந்து, வாய்க்கு வாய் மாத்தி, றெக்கையால விசிறிக் காய வைக்கும். காஞ்சப்புறம்தான் மெழுகு போட்டு மூடும். இப்பவே எடுத்தா ஹுளி ஆயிடும், புளிச்சிடும்.”

“வாய்க்கு வாயா?” மமதா முகத்தைச் சுளித்தார்.

“எச்சில் பண்டம் மேடம்,” என்று ஸ்ரீஹர்ஷா சிரித்தார். அப்போது ஒரு தேனீ வந்து இறங்கியது, பின்னங்கால்களில் மஞ்சள் உருண்டைகளோடு. “இது என்ன, மூட்டை தூக்கிட்டு வருது?”

“மகரந்தம் அண்ணா. குஞ்சுங்களுக்குச் சோறு.”

“சோறெல்லாம் இருக்கட்டும். எத்தனை நாள் ஆகும்?” என்றார் மமதா.

“பத்து நாள்.”

உண்மையில் அவளுக்குத் தெரியாது. மழை பிடித்தால் கூடும், வெயில் அடித்தால் குறையும்.

“பத்தே நாள். அப்புறம் நானே புகை போடுவேன்.” மமதா வீட்டுக்குள் போய்விட்டார்.

பத்து நாளுக்குள் சரியான ஆள் கிடைக்க வேண்டும். சிந்து மெதுவாகக் கேட்டாள்: “கூட்டை உசுரோட மாத்துறவங்க யாராவது தெரியுமா அண்ணா?”

ஸ்ரீஹர்ஷா பெட்டியைப் பார்த்தார். இன்னும் நிறைந்தே இருந்த டேங்கின் வாரை இழுத்துச் சரிசெய்துகொண்டு, “விசாரிக்கிறேன்மா,” என்று படியிறங்கிப் போனார்.