ரூபஸின் கை

கிணறு வெட்டுகிறவனுக்குக் கடவுள் மேலே இருக்கிறாரோ இல்லையோ, கிரேன்காரன் மேலே இருக்கிறான். கிரேன் கயிற்றில் தொங்கும் தொட்டியில் ஏறிவிட்டால் உயிர் அவன் கையில். இடைசெவலுக்குத் தெற்கே ஒரு கரிசல் காட்டுக் கிணற்றின் அடியில் சுடலைமணிக்கு வேலை. பாறையில் குழி போட்டு, வெடிமருந்து வைத்து, திரியைக் கொளுத்திவிட்டு ஏறி வர வேண்டும். மேலே கிரேனில் ரூபஸ். பள்ளிக்கூடத்திலிருந்தே ‘ஏலே’ போட்டுப் பேசுகிற சிநேகிதன்.

ரூபஸிடம் ஒரே குறை. ஒரு கையில் போன், ஒரு கையில் பிரேக். பேச்சு சூடு பிடித்தால் தொட்டி சடாரென்று விழும். பல நாள் பொறுத்த சுடலைமணி, நேற்று டீ குடிக்கும்போது சொல்லியே விட்டான். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். புத்தி கெட்டவன், காட்டுக்காரரும் ஆட்களும் சுற்றி நிற்கும்போது சொன்னான்.

“ஏலே ரூபஸு, போனை வச்சிட்டுப் பிரேக்கைப் பிடிலே. சாவடிக்கப் பாக்குதியா? தூக்கும்போதும் வெட்டி வெட்டி இழுக்குத. மெதுவாத் தூக்கு.”

ஆட்கள் சிரித்தார்கள். ரூபஸும் சிரித்தான். “சரி அண்ணாச்சி. இனிமே நீங்க சொன்னபடி.”

அண்ணாச்சி! ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன் வாயிலிருந்து அந்த மரியாதை வந்ததும் சுடலைமணி மிச்ச டீயைக் கீழே ஊற்றிவிட்டான். கெட்ட வார்த்தையில் திட்டியிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பான்.

இன்று காலையும் அண்ணாச்சிதான். “பாத்து ஏறுங்க அண்ணாச்சி.” தொட்டி பூப்போல இறங்கியது. போன் சட்டைப்பையில் இருந்தது. சிநேகிதனைப் போய்ச் சந்தேகப்பட்டோமே என்று வெட்கப்பட்டுக்கொண்டே சுடலைமணி வேலையை முடித்தான். ஆட்களெல்லாம் வேட்டுக்குப் பயந்து தூரத்தில் ஒதுங்கிவிட்டார்கள். அவன் திரியைக் கொளுத்தித் தொட்டிக்குள் தாவினான்.

“கொளுத்திட்டேன்! தூக்கு!”

தொட்டி எழுந்தது. ஆடாமல் அசையாமல், பிள்ளை தூங்கும் தொட்டிலைப் போல எழுந்தது. கீழே திரி சீறிக்கொண்டிருந்தது.

“ரூபஸு, வேகமாலே!”

கிணற்று விளிம்பில் ரூபஸின் தலை தெரிந்தது. “மெதுவாத்தானே தூக்கச் சொன்னிய அண்ணாச்சி?”

“தெரியாமச் சொல்லிட்டேம்லே! எம்பிள்ளைய மேல சத்தியமா இனி வாயத் தெறக்க மாட்டேன்!”

அதற்கப்புறம்தான் கயிறு விர்ரென்று இழுத்தது. சுடலைமணி தொட்டியிலிருந்து குதித்து ஓடி மண்மேட்டுக்குப் பின்னால் போய் விழவும் கிணறு வெடித்துப் புகையைக் கக்கவும் சரியாக இருந்தது. கைகொடுத்து எழுப்பியவன் ரூபஸ்தான். “எதுவும் குறை இருந்தாச் சொல்லணும், என்ன?” என்று முதுகைத் தட்டிக்கொடுத்தான்.

சுடலைமணி காட்டுக்காரரிடம் இடுப்புப் பிடிப்பு என்று சொல்லி மண் அள்ளும் வேலைக்கு மாறிக்கொண்டான். மத்தியானம் அவன் இடத்துக்குக் குளத்தூரிலிருந்து பூவனலிங்கம் என்றொரு புதுமாப்பிள்ளை வந்தான். தொட்டியில் கால் வைக்குமுன் இந்த வேலைக்காரர்கள் எல்லோரும் கேட்பதைத்தான் அவனும் கேட்டான்.

“கிரேன்காரர் கை எப்படி அண்ணாச்சி?”

ரூபஸ் பிரேக்கில் ஒரு கையை வைத்தபடி போனில் யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான். பேச்சை நிறுத்தாமலே சுடலைமணியைப் பார்த்தான்.

“நல்ல கை,” என்றான் சுடலைமணி. “பயப்படாம எறங்கு தம்பி.”